எடுத்துக் கொடுத்த வசனம்

எழுபதுகளில் உத்திரமேரூரில் எங்கள் நாடக மன்றத்துக்கு ஒரு பெருமை உண்டு. டிக்கெட் கிடையாது, லாபம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு புது ஆளைப் பிடித்து, அவன் எழுதியதை மேடையேற்றுவார்கள். தறி நெய்தவனும் தபால் சுமந்தவனும் அப்படித்தான் நாடகாசிரியர் ஆனார்கள். ஒரு வருஷம் என் முறை வந்தது.

நான் எழுதியது என் அக்காவின் கதை. மாகறலில் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் திரும்பி வந்து, எங்கள் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டு இருந்தாள். "எழுதுடா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அவளே எல்லாம் சொன்னாள். என் நாடகத்தின் கடைசியில், புருஷன் வீட்டிலிருந்து கூப்பிட வந்தவர்களிடம் அந்தப் பெண் "நான் வரலை" என்பாள். அவ்வளவுதான், திரை.

வழக்கப்படி, மன்றத் தலைவரின் அரிசி மில் கிடங்கில், தவிட்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த உறுப்பினர்களுக்குப் படித்துக் காட்டினேன். புது எழுத்தாளனை வளர்ப்பது என்றால் அங்கே ஆளுக்கு நாலு வரி அடித்துத் திருத்துவது.

"எல்லாம் நல்லாத்தான் கீது, முடிவுதான் பேஜாரு," என்றார் தலைவர். "பொம்பளைங்க பார்த்துக்கினு இருப்பாங்க. அவள புருஷன் வூட்டுக்கு அனுப்பி வச்சிடுபா. இல்லன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷமா? நோட்டீஸில் என் பெயரைப் பார்க்க எனக்கு அப்படியொரு அரிப்பு. அங்கேயே கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, "தப்பு என்னோடதுதான், வரேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

எழுதியவனே படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது மன்றத்தின் சட்டம். நாடகத்தன்று அக்கா முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த நடிகைக்கு வசனம் மறந்துவிட்டது. திருதிருவென்று விழித்து என் பக்கம் பார்த்தாள். அப்போது நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் அதைச் சொல்லியிருப்பாள். "நான் வரலை", இரண்டே சொல். பாவி, என் வாயில் அது வரவில்லை.

"தப்பு என்னோடதுதான், வரேன்" என்று எடுத்துக் கொடுத்தேன். பதற்றத்தில் அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னேன். அவள் சொன்னாள். ஒரே கைதட்டல். தலைவர் எனக்கு மாலை போட்டார்.

நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அடுத்த வாரமே மாகறலிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள். அக்காவின் மாமனார் என்னைக் காட்டி அவளிடம் சொன்னார்: "உன் தம்பியே ஊரறிய நியாயத்த எழுதிட்டான். இன்னும் இன்னா பேச்சு?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து உள்ளே போய்த் துணிகளை மூட்டை கட்டினாள்.

பின்னாலேயே ஓடினேன். "அந்த முடிவு நான் எழுதனது இல்லக்கா. மன்றத்துல மாத்திட்டாங்க," என்றேன். அப்போதும் பொய்தான்.

அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே பேசினாள். "அந்தப் பொண்ணு மறந்துபோய்த்தானே நின்னா. ரெண்டு தபா எடுத்துக் குடுத்தியே, அது உன் கொரலுதானேடா?"

அவள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த நாலு பேருக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.