உங்கள் பெயரில் ஒரு ஆடு

கட்டைவிரல் திரையைக் கீழே இழுக்கிறது. பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே எண்ணைக் காட்டுகிறது: எழுபத்தொரு சதவீதம். பல் தேய்த்துக்கொண்டே ஒரு இழுப்பு, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே ஒரு இழுப்பு, அக்கா வைத்த காப்பி ஆறுவதற்குள் நான்கு இழுப்பு. கைப்பேசி கையில் இல்லாத ஒரு காலை நேரத்தில் அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரை அதே கட்டைவிரலால் கீழே இழுத்துப் பார்த்திருக்கிறான். தேதி மாறவில்லை. அக்கா பார்த்துவிட்டாள். "அதைக் கிழிச்சாத்தான்டா மாறும்" என்றாள்.

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் டெமோ. யாரைப் பார்த்தாலும் "ஒரு டெமோ காட்டட்டுமா?" என்று மடிக்கணினியைத் திறந்துவிடுவான். காய்ச்சலோடு மருத்துவமனை வரிசையில் நின்ற அன்றும் முன்னால் நின்ற பெரியவருக்குக் காட்டினான். அவர் பொறுமையாகக் கடைசிவரை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி, உடம்பைப் பாத்துக்க" என்றார். டெமோ அதை 'விமர்சனங்கள்' என்ற கோப்பில் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறான். அந்தக் கோப்பில் இதுவரை இருப்பது அது ஒன்றுதான்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன். கணினி அறிவியல். சட்டம் போட்ட சான்றிதழ் அக்காவின் தையல் கடையில், அளவு நாடா தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. துணி கொடுக்க வருகிறவர்கள், "தையல்ல பட்டமே வாங்கியிருக்கீங்களா?" என்று வியப்பார்கள். அக்கா மறுப்பதில்லை. வியாபாரத்துக்கு நல்லது.

கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவனுடைய நிறுவனம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினி. கீழே அக்கா தையல் இயந்திரத்தை மிதித்தால் மேலே மேசை அதிரும். ஒருமுறை திரையில் ஆடுகள் எல்லாம் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கின. எங்கே பிழை என்று நிரலை வரி வரியாக இரண்டு நாள் அலசினான். மூன்றாம் நாள் அக்கா சாப்பிடப் போனதும் ஆடுகளுக்குக் குணமாகிவிட்டது.

அவன் செய்வது ஒரு வீடியோ கேம். ஒரு மேய்ப்பன், நாற்பது ஆடுகள், பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பட்டியில் சேர்க்க வேண்டும். கூப்பிட்டால் வரும் நாற்பது சாதுவான ஆடுகள், ஒன்றுகூட முட்டாது. பெயர் 'ஆடு'. விலங்குக்கும் அதுதான் பெயர், விளையாடச் சொல்வதற்கும் அதுதான் சொல். இந்தப் பெயர் தோன்றிய அன்று, தான் ஒரு மேதை என்று டெமோ தனக்குத்தானே ஒத்துக்கொண்டான். பெரிய நிறுவனங்கள் மூன்றுக்கு எழுதினான். இரண்டு பதில் போடவில்லை. மூன்றாவது, "துப்பாக்கி உண்டா?" என்று ஒரே வரியில் கேட்டது.

ஆகவே மக்களிடமே கேட்பது என்று இறங்கினான். இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, விரும்புகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடலாம், தொகைக்கு ஏற்றபடி நான்கு படிகளில் பரிசு உண்டு என்று அறிவித்தான். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் நூறு சதவீதம் சேர்ந்தால் பணம் அவனுக்கு. ஒரு சதவீதம் குறைந்தாலும் போட்டவர்களுக்கே எல்லாம் திரும்பிப் போய்விடும். இதற்காகத்தான் பார்த்த வேலையை விட்டிருந்தான். பணம் சேராவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்வதாக அக்காவிடம் வாக்கும் கொடுத்திருந்தான்.

அந்தப் பக்கத்தில் அவன் தன்னை 'நாங்கள்' என்றே குறிப்பிடுவான். எங்கள் குழு உழைக்கிறது, எங்கள் குழு நன்றி சொல்கிறது. வேலை ஒத்திப்போனால் எங்கள் குழு வருந்துகிறது. மத்தியானம் அக்கா கீழே இருந்து கூப்பிடுவாள்: "குழுவுக்குச் சோறு போடட்டுமா, இல்ல கூட்டம் நடக்குதா?"

பக்கத்தின் தலைப்பில் 'ஆடு மேய்த்த கைகள் செய்யும் ஆட்டம்' என்று எழுதியிருந்தான். இதைப் படித்த அன்று அக்கா வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, அப்புறம் சிரித்தாள். இவனுடைய எட்டு வயதில் ஒரு கிடா தலையைத் தாழ்த்தி இவனைப் பார்த்தது. பார்த்தது மட்டும்தான். இவன் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறி, அப்பா வயலிலிருந்து வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஆட்டைத் தொட்ட கை என்று சொல்லிக்கொள்ள அவனிடம் ஒரு விரல்கூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, கூச்சத்தை விட்டு, பக்கத்தின் முகவரியைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டான். எழுபத்தொன்று செவ்வாய்க்கிழமைக்குள் நூற்று மூன்றாகிவிட்டது. ஏழு பேர், எல்லாரும் நான்காம் படியில் போட்டிருந்தார்கள். டெமோ அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தான். 'நூறைத் தாண்டிவிட்டோம், எங்கள் குழுவுக்குப் பேச்சே வரவில்லை' என்று எழுதிப் போட்டான்.

புதன்கிழமை காலையில் தாய்மாமா கூப்பிட்டார். சரக்கு வண்டி ஓட்டுகிறவர், எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"மாப்ள, நம்ம ஆடு கிடாவா, பெட்டையா?"

டெமோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவனுடைய விளையாட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யாரும் கேட்டதே இல்லை. "உங்களுக்கு எது வேணுமோ அது மாமா."

"அப்ப பெட்டையாவே குடு. குட்டி போடும். எப்ப வண்டி கொண்டு வரட்டும்?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பரிசு அறிவித்திருந்தான். நான்காம் படியில் அவன் கையாலேயே எழுதியது: 'உங்கள் பெயரில் ஒரு ஆடு.' விளையாட்டுக்குள் வரும் ஆட்டின் தலைக்கு மேல் பெயர் தெரியும் என்பது பொருள். 'விளையாட்டுக்குள்' என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. பணம் போட்ட ஏழு பேரில் ஒருவர் மாமா, மற்ற ஆறு பேரும் அவர் வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள். படித்த பையன் பண்ணை வைக்கிறான், சந்தை விலையைவிடக் குறைவாக ஆடு தருகிறான் என்று அங்கே பேச்சாகியிருந்தது. தலைப்பிலேயே ஆடு மேய்த்த கைகள் என்று வேறு இருந்ததே.

அன்று முழுவதும் டெமோ தனக்குத்தானே வக்கீலாக இருந்தான். எழுதியதில் பொய் ஏது? பெயரில் ஆடு உண்டு, கொடுக்கத்தான் போகிறான். வெள்ளி நண்பகல்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பிறகு பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். வாதம் அவனுக்கே பிடித்துப்போய், அக்காவிடமும் சொல்லிப் பார்த்தான். அக்கா இயந்திரத்தை நிறுத்தவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டில் ஆட்டுக்கு இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்று மட்டும் சொன்னாள். தையல் ஓரத்துக்கு வந்ததும் நூலைக் கடித்துவிட்டுக் கேட்டாள்: "குழு என்ன முடிவு பண்ணியிருக்கு?"

வியாழக்கிழமை காலையில் மாமாவைக் கூப்பிட்டான். முதல் பத்து நிமிடம் தொழில்நுட்பம் விளக்கினான். மாமா குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்:

"அப்ப ஆடு இல்ல."

"இருக்கு மாமா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு."

"புல்லு?"

"அதுவும் உள்ளதான்."

மாமா வண்டி இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது. "தப்பு என் மேலதான். நீ ஆடு வளக்கறேன்னப்பவே எனக்குத் தோணியிருக்கணும். ஆட்டைக் கண்டா சுவர் ஏறுற ஆளு நீ" என்றார். மற்றவர்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஆறு பேரும் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நூற்று மூன்று எழுபத்தாறானது. கட்டைவிரல் அதன் பிறகும் ஓயவில்லை. எங்கிருந்தோ முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் போட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு எழுபத்தொன்பது. பக்கத்தின் மேல் 'முடிந்தது' என்று ஒரு சாம்பல் பட்டை விழுந்தது. டெமோ தலைப்பிலிருந்து ஆடு மேய்த்த கைகளை நீக்கினான். கீழே எழுதினான்: 'நான் ஒரே ஆள்தான். என்னால் சேர்க்க முடியவில்லை. எல்லாருடைய பணமும் திரும்பி வந்துவிடும். நன்றி.' பிறகு கீழே இறங்கிப் போய், திங்கள்கிழமையிலிருந்து வேலை தேடுவதாக அக்காவிடம் சொன்னான். அவள் சரியென்று சொல்லிவிட்டு, பொத்தான் கட்ட வேண்டிய சட்டைகளை அவன் பக்கம் தள்ளினாள்.

திங்கள்கிழமை இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மாமா கூப்பிட்டார்.

"காசு திரும்பி வந்துடுச்சு மாப்ள. ஆட்டை அவுத்து விட்டுட்டியா?"

"இல்ல மாமா. உங்க பேரு இன்னும் அதுமேலதான் இருக்கு."

"அழிச்சிடாத. அதுபாட்டுக்கு அங்கயே இருக்கட்டும். வேலைக்குப் போ, திரும்ப எப்ப ஆரம்பிக்கறியோ அப்ப சொல்லு, போடறேன். ஆனா ஒண்ணு. நம்ம ஆடு முட்டணும். முட்டாத ஆடெல்லாம் எனக்கு வேணாம்."

டெமோ அறைக்கு ஏறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, மேசை லேசாக அதிர்ந்தது. நாற்பதில் ஒரு ஆட்டை மட்டும் தனியே எடுத்து, கொம்பைக் கொஞ்சம் வளைத்தான். மத்தியானம்வரை எழுதியும் அழித்தும் பார்த்து, கடைசியில் ஓட விட்டான். மாமாவின் பெயரைத் தலைக்கு மேல் சுமந்துகொண்டு அது புல்லை விட்டு நிமிர்ந்தது. திரும்பியது. தலையைத் தாழ்த்தி, திரையின் ஆழத்திலிருந்து அவனைப் பார்த்து நேராக ஓடி வந்தது.

டெமோ இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான்.