அத்தையின் பச்சை பீரோ

பிள்ளைகளா, சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் இருவரையும் பார்த்து அப்படிச் சத்தம் போட்டது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். அத்தைப்பாட்டி கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறாள், திரும்பி வரும்போது புதுக் கண்ணால் புது பீரோவைப் பார்க்கட்டும் என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பழைய மேசையைச் சுரண்டி, பெயிண்டுக்கு அடியிலிருந்து மரத்தைப் பளபளவென்று வெளியே எடுக்கிற வீடியோவை ஃபோனில் பார்த்தீர்களாம். “அப்பா, உள்ள தேக்குப்பா! தேக்குக்குப் போய் யாராவது பச்சை பெயிண்ட் அடிப்பாங்களா?” என்று பெரியவள் கேட்டாள். நான் “கைய எடு” என்று கத்தினேனே தவிர, காரணம் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. அத்தைப்பாட்டி வந்துவிட்டால் வீட்டில் வைத்து இதைப் பேச முடியாது. நம் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் நூறு வயசு சொல்வார்கள். அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னிடமே கொடுத்துவிடுங்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். அப்பாவுக்குத் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை. ஒரு முழுப்பரீட்சை லீவில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் போலவே அவளுக்கும் லீவு என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்தது, எனக்கு லீவு முடிந்தது, அவளுக்கு முடியவில்லை. பெரியவர்களுக்கு லீவு கொஞ்சம் நீளம் போலிருக்கிறது என்று பொறாமைப்பட்டேனே ஒழிய, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டை தைக்கப் போக ஆரம்பித்தாள். லீவிலும் வேலைக்குப் போகிறாளே என்று மரியாதை வந்தது.

ஒருநாள் வாசலில் மினி லாரி வந்து நின்றது. அப்பாவும் இரண்டு பெரியவர்களும் அதிலிருந்து ஒரு கட்டிலையும், ஒரு சாக்கு மூட்டைப் பாத்திரத்தையும், ஒரு மர பீரோவையும் இறக்கினார்கள். பீரோ கறுத்துப்போயிருந்தது. மழையில் நனைந்த மாதிரி அடியெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. மேல் பலகையில் கோழி எச்சம் காய்ந்து கிடந்தது.

அப்பா அதை ஒருமுறை சுற்றி வந்தார். “கொல்லைல போட்டு வச்சிருக்கானுங்க,” என்றார். கட்டிலைப் பற்றியோ பாத்திரத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. பீரோவின் முதுகில் மட்டும் ரெண்டு தட்டு தட்டினார், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

அத்தை கதவோரமாக நின்றிருந்தாள். “பெயிண்ட் அடிச்சிடலாம்ணா,” என்றாள்.

“இன்னாது? பெயிண்டா?” அப்பா சிரித்தே விட்டார். “தேக்கும்மா இது! மரத்த நானே போய் தட்டித் தட்டிப் பாத்து எடுத்தேன். இதுக்குப் பெயிண்ட் அடிச்சா பாக்கறவன் காறித் துப்புவான். நீ சும்மா இரு. நான் இத எப்படிப் பண்றேன் பாரு.”

அத்தை சும்மா இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. முதலில் உடைந்த கண்ணாடித் துண்டால் அப்பா கறுப்பைச் சுரண்டினார். பிறகு உப்புத்தாள். அது என் வேலை. மர ரேகை போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் மண்டையில் குட்டு விழும். ஷெட்டில் ரயில் பெட்டிகளுக்குத் தச்சர்கள் பாலிஷ் போடுவதை அப்பா பார்த்திருக்கிறார். அதே போல அரக்கைப் பொடி பண்ணி ஸ்பிரிட்டில் ஊறப் போட்டார். பாட்டிலை வெயிலில் காட்டினால் தேன் மாதிரி தெரியும். ஒரு துணிப் பொட்டலத்தை அதில் தொட்டு, வட்டம் வட்டமாக, மேலுக்கு மேல் தேய்த்தார். பாலிஷ் போடும்போது அப்பா பாடுவார். வேறு எந்த வேலைக்கும் அவர் பாடி நான் கேட்டதில்லை.

அம்மாதான் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். “பீரோ வந்து எத்தினி நாளாச்சு? உங்க தங்கச்சி இன்னும் பையிலதான் புடவை வச்சிகினு கீது. கவனிச்சீங்களா?”

“பாலிஷ் முடியட்டும்னு பாத்துகினு இருக்கும்,” என்றார் அப்பா, ரசத்தைப் பிசைந்துகொண்டே. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தங்கச்சிக்காகச் செய்கிறோம் என்ற சந்தோஷம். இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது உங்கள் முகமும் அப்படித்தான் இருந்தது.

இடது கதவு முதலில் முடிந்தது, உள்ளும் புறமும். அத்தை கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தினார். கதவு தங்கம் மாதிரி நின்றது. நான் குனிந்தால் என் பல் தெரிந்தது.

“பாரும்மா. அன்னிக்கு எப்படி அனுப்பிச்சேனோ, அப்படியே கீதா இல்லியா?”

அத்தை பார்த்தாள். “நல்லாத்தான் கீதுண்ணா,” என்றாள். பிறகு முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள். கம்பெனியில் பஞ்சுத் தூசி அதிகம் என்று நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் தெருக்கோடி வீட்டுச் சித்தி, பேரனுக்குக் காது குத்தல் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வந்தாள். சொந்தச் சித்தி இல்லை. தெருவில் எல்லோருக்கும் சித்தி. நல்ல மனுஷிதான். வாய் மட்டும் வாசல் திறந்த வீடு. அத்தை அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். சித்தியின் கண் கூடத்து மூலைக்குப் போனது.

“அட! இது கல்யாணத்தப்ப டிராக்டர்ல ஏத்தி, மேளத்தோட நம்ம தெருவெல்லாம் சுத்தி வந்த சீர் பீரோவாச்சே! போன தபா வந்தப்ப ஏதோ கறுப்பா நின்னுது, எனக்குத் தெரியவே இல்ல பாரேன். புதுசாட்டமே கீதே!” என்றவள், சட்டென்று குரலை இறக்கினாள். “அப்போ... எல்லாத்தையும் திருப்பி எடுத்தாந்துட்டீங்களாம்மா? இனிமே அங்க போறதில்லன்னு முடிவே ஆயிடுச்சா?”

“நான்தான் சித்தி தேச்சேன்! ரேகையோட தேய்க்கணும்,” என்று நான் முன்னால் போய் நின்றேன்.

“காபி ஆறிடப் போவுது, குடிங்க சித்தி,” என்றாள் அத்தை.

சித்தி குடித்துவிட்டு, “இச்” கொட்டிவிட்டு, அத்தையின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். என்னைப் பாராட்டாமலே போய்விட்டாளே என்று எனக்கு வருத்தம்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஷெட்டில் டியூட்டி. காலையிலேயே அத்தை தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு டின் பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்தாள். அவள் சம்பளத்தில் தனக்கென்று முதன்முதலாக வாங்கியது அதுதான் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். டின்னை ஆணியால் நெம்பித் திறந்தாள். உள்ளே கெட்டியாகப் பச்சை.

“அத்த, ஏன் அத்த கெடுக்கற? அப்பா திட்டுவாரு!”

“பச்சை நல்லா இல்லியாடா? மழை பேஞ்சா நம்ம ஏரிக்கரை எப்டி கீது? அந்தப் பச்சைடா.”

“பாலிஷ்ல மூஞ்சி தெரியுமே!”

“அதாண்டா,” என்று சொல்லிவிட்டு வலது கதவில் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தாள். கறுப்பு மரத்தில் பச்சைக் கோடு விழுந்தது. நான் கோபித்துக்கொண்டு குழாயடியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். பெயிண்ட் வாசனை எந்தப் பிள்ளையை வெளியே உட்கார விடும்?

அப்பா வந்தபோது பீரோ பாதி தங்கமும் பாதி பச்சையுமாக நின்றது. கரகாட்டக்காரன் வேஷம் பாதியில் நின்ற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன். அத்தையின் கன்னத்தில் ஒரு பச்சைத் தீற்று. கையில் பிரஷ். அப்பா தோள் பையைக் கழற்றாமல் நின்றார்.

“இன்னாம்மா இப்படிப் பண்ட்ட?”

அத்தை திரும்பவில்லை. பெயிண்ட் அடித்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு இந்த பீரோ வேணும்ணா. நீ குடுத்தது. தூக்கிப் போட மனசு வராது. ஆனா வர்றவங்க போறவங்க எல்லாம் இதப் பாத்து என் கல்யாணத்தப் பேச வேணாம். தெனம் காலைல எழுந்து நானும் அதையே பாக்க வேணாம்.” பிரஷ் நின்றது. “அன்னிக்கு எப்படி அனுப்பிச்சன்னு எனக்கு ஞாபகம் கீதுண்ணா. அதான் வேணாங்கறேன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, “கை கால் கழுவிகினு வாங்க, சாப்பிடலாம்,” என்றாள். அப்பா கழுவவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார். எதற்குப் போனார், என்ன செய்தார் என்று தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு, யாரும் சொல்லாமல், அப்பாவே பிரஷை எடுத்தார். தானே பாட்டுப் பாடிப் பாலிஷ் போட்ட கதவின் மேல், தானே பச்சை பூசினார். அன்றைக்குப் பாடவில்லை. ஆனால் அசட்டையாகவும் பூசவில்லை. ஒரு சொட்டு வழியாமல், பிரஷ் தடம் தெரியாமல், அத்தை அடித்த கதவைவிட நன்றாகவே அடித்தார். “உன் பக்கம் திட்டுத் திட்டா கீது,” என்று அத்தையைக் கேலிகூடச் செய்தார். “நான் இன்னா ரயில்வே பெயிண்டரா?” என்றாள் அத்தை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் பல் தெரிய அன்றுதான் பார்த்தேன்.

பாலிஷ் போட்ட கதவின் உட்புறம் மட்டும் அப்படியே இருந்தது. நான் விடவில்லை. “அப்பா, உள்ள அடிக்கலியா?”

“உள்ள எவன் வந்து பாக்கப் போறான்?” என்று டின்னை மூடிவிட்டார்.

பெயிண்ட் தீர்ந்திருக்கும், இல்லை அப்பாவுக்குச் சலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மிச்சப் பெயிண்டில் அதே வாரம் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் பச்சை அடித்தார். டின்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனே நான்தான். அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

பெயிண்ட் காய்ந்த அன்று அத்தை பையிலிருந்த புடவைகளையெல்லாம் எடுத்து மடித்து பீரோவில் அடுக்கினாள். பூச்சி உருண்டையை எனக்கும் ஒன்று மோந்து பார்க்கக் கொடுத்தாள். அதிலிருந்து அது எங்கள் வீட்டில் பச்சை பீரோ ஆகிவிட்டது. சித்தி மறுபடி வந்தபோது அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேசினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தையின் கல்யாணம் முறிந்திருந்தது என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் புரிந்தது. ஏன் முறிந்தது என்று இன்றுவரை முழுதாகத் தெரியாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். நாமாகக் கேட்க வேண்டாம். கதவின் உட்புறம் புரிந்தது அதற்கும் பிறகு. அப்பா போய் வருஷங்கள் ஆகி, இந்த வீட்டுக்குக் குடிவந்த சமயம் கீல் தளர்ந்திருந்தது என்று ஸ்க்ரூ முடுக்கப் போனேன். கதவைத் திறந்தால் உள்ளே அந்தத் தேன் நிறம், நேற்றுப் போட்ட மாதிரி. அந்தக் கதவைத் தினமும் திறக்கிறவள் ஒருத்திதான். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றாள், மூடினார். தங்கச்சிக்கென்று போட்டதை அவள் கண்ணுக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறார். ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, கதவை மெல்லச் சாத்தினேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அத்தைக்கு அதெல்லாம் வலிக்காமலும் இருக்கலாம். சுரண்டிக்கொள்ளுங்கள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொல்வாள். சொன்னால் நானே உங்களோடு உட்கார்ந்து தேய்க்கிறேன், எந்தத் திசையில் தேய்ப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளாகச் சொல்ல வேண்டும். மரம் என்னவோ தேக்குதான். பீரோ அவளுடையது.

இன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு மார்க்கெட்டுக்குப் போய்ச் சின்ன டின் ஒன்று வாங்கி வந்தேன். அந்தப் பச்சை இப்போது வருவதில்லையாம். கிடைத்ததில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து, ஒரு அட்டையில் தீற்றிக் காயவைத்துப் பார்த்து, மறுபடி கலந்து, ஒருவழியாகப் பக்கத்தில் வந்தது. நீங்கள் சுரண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக, வழியாமல் பூசினேன். காயும்வரை கதவைத் திறந்து வைத்திருந்தேன். பிறகு பழைய வேட்டித் துணியால், ரேகை போகிற திசையிலேயே, உட்புறத்தை ஒருமுறை துடைத்துவிட்டு மூடினேன்.