தூணம்மா

எங்கள் இர்பித் ஊரில் ஒரு பெண்ணை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் மூத்த மகன் பேரைச் சேர்க்க வேண்டும். நான் ஸுஹைபின் அம்மா, அதனால் உம் ஸுஹைப். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி கட்ட வந்த இன்ஜினியர் விஜ்தானுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. நாற்பதைத் தாண்டியும் காங்கிரீட்டோடுதான் குடித்தனம். அவளை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் எங்கள் ஆஸ்பத்திரியே முழித்தது. கடைசியில் மேஸ்திரி அபூ காஸிதான் பேர் வைத்தார்: தூணம்மா. கிண்டலுக்கு வைத்த பேர்.

வந்த புதிதில் அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. காரணம் என் தம்பி முத்லக். டாக்சி ஓட்டினவன். சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸுக்காக வாரம் மூன்று முறை தலைநகர் அம்மான் வரைக்கும் அலைந்துகொண்டிருந்தான். நான் தலைமை நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் வார்டிலேயே அவனுக்கு மெஷினோடு ஒரு நாற்காலி இல்லை. எல்லாம் நிரம்பி வழிந்தது. தம்பி என்பதற்காக வரிசையைத் தாண்டி உட்கார வைத்துவிட்டு நான் அந்த வார்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? மேலே ஒரு மாடி எழும்பினால்தான் அவனுக்கு வழி.

ஒரு நாள் அவன் என்னிடம், "அக்கா, என் வீட்டு மொட்டைமாடியில நிக்குதே கம்பி, அதை அறுத்து எடைக்குப் போட்டுடு. நான் எங்க இனிமே கட்டப் போறேன்" என்றான்.

மகன் கல்யாணத்துக்கு மேல்மாடி எழுப்ப வேண்டுமென்று தூண்களின் தலையில் நீட்டி விட்டிருந்த கம்பி அது. இங்கே பையன் பிறந்த வீட்டிலெல்லாம் அப்படி நிற்கும். "வாயை மூடுடா" என்று சொல்லிவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரி மொட்டைமாடியிலும் அதே மாதிரி கம்பிகள் நின்றன. அதை நம்பித்தான் டைரக்டர் டாக்டர் ஃபவ்வாஸ் வேலையில் இறங்கினார். காங்கிரீட் போடும் நாளில் மன்சஃப் என்கிற ஆட்டுக்கறிச் சோற்று விருந்துக்கு ஆடுகூடச் சொல்லி வைத்துவிட்டார். விஜ்தானோ மொட்டைமாடிக்கே ஏறவில்லை. முற்றத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் குழி தோண்டச் சொன்னாள். அதற்குள் இறங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தளத்தை அளந்தாள். ஏறி வந்தபோது உடுப்பெல்லாம் சிவப்பு மண்.

"டாக்டர், இது இப்ப இருக்கற கட்டடத்தைத்தான் தாங்கும். மேல ஒரு மாடி வச்சா உக்காந்துடும்."

"அப்புறம் கம்பி எதுக்கும்மா விட்டிருக்காங்க?"

"நம்ம ஊர்ல யார்தான் விடலை? பழக்கதோஷத்துல விட்டிருக்காங்க. அதுக்கேத்த மாதிரி அடியில ஒண்ணும் போடலை."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஏம்மா, நீ கட்ட வந்தியா, கெடுக்க வந்தியா? அம்மானுக்கும் இங்கயுமா அலைஞ்சே என் தம்பி செத்துப்போவான்."

அவள் கோபப்படவில்லை. "கட்டத்தான் வந்திருக்கேன், உம் ஸுஹைப். ஆனா உங்க வார்டுக்குள்ள வந்துதான் கட்டணும். நீங்க சம்மதிக்கணும்."

ஒவ்வொரு தூணுக்கும் அடித்தளத்தை அகலப்படுத்த வேண்டும். பிறகு தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, காங்கிரீட் ஊற்றிப் பருமனாக்க வேண்டும். தூண்களோ என் நோயாளிகளுக்கு நடுவில் நிற்கின்றன. வார்டை மூடினால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அதனால் ஒரு தடவைக்கு ஒரு தூண், அந்தத் தூணை ஒட்டியிருக்கிற நாற்காலியை மட்டும் எடுத்துவிடலாம் என்றாள்.

"ஒரு நாற்காலியை எடுத்தா நாலஞ்சு பேருக்கு டயாலிசிஸ் நின்னுபோகும். அவங்களை உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு திரிந்தோம்.

கடைசியில் நானே போய், "என் ரூமை எடுத்துக்கோ. குழாய் இழுத்து நாற்காலியை அங்க போடு" என்றேன். மேஜையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். பெரிய மனசு என்று யாரும் புகழ வேண்டாம். எல்லாம் முத்லக்குக்காகத்தான்.

தோண்டுவது, துளை போடுவது எல்லாம் வார்டுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமையில். மற்ற நாளில் பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் சத்தம் வராத வேலை மட்டும். அதிர்வைப் பார்க்கச் சுவரில் ஒரு கருவி மாட்டினாள். அந்தப் பெட்டியை யார் நம்புவார்கள்? அதனால் விளிம்பு வரை டீ ஊற்றிய ஒரு கண்ணாடித் தம்ளரை எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரியில் வைத்தாள். "இது ஆடினா ஒரு குரல் குடுங்க. வேலையை நிறுத்திடறேன்."

"எங்களுக்குப் பச்சைத் தண்ணியே அளந்துதான் குடுக்கறாங்க. கண்ணு முன்னாடி டீயை வச்சு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறியே தாயி" என்றார் கிழவர் ஷிஹாதா. ஆனால் அவர்தான் டீக்குக் காவல். ஒரு நாள் "தூணம்மா, டீ ஆடுது" என்று கத்தினார். உள்ளே சட்டென்று வேலை நின்றது. பார்த்தால், ஆட்டியது என் தள்ளுவண்டி. வார்டே சிரித்தது. விஜ்தான் மட்டும் சிரிக்காமல் கருவியையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடரச் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மாடி எழும்பியது. டாக்டர் சொல்லி வைத்த விருந்தையும் ஒரு வழியாகச் சாப்பிட்டோம். புது மொட்டைமாடியிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. "அறுத்துடவா தூணம்மா?" என்று கேட்டார் அபூ காஸி. இப்போது அந்தப் பேரில் கிண்டல் இல்லை. "இருக்கட்டும். இன்னொரு மாடிக்கும் சேர்த்துத்தான் அடியில போட்டிருக்கேன்" என்றாள்.

முத்லக்குக்கு மாடியில் ஜன்னலோர நாற்காலி கிடைத்தது. முதல் நாள் ஊசியை நானே குத்தினேன். சுவரில் ஈரம் ஏதும் தெரிகிறதா என்று பார்க்க விஜ்தான் வந்தாள்.

"தூணம்மா," என்று கூப்பிட்டான் முத்லக். "என் வீட்டு மொட்டைமாடியிலயும் கம்பி நிக்குது. பையனுக்குன்னு விட்டது. அடியில என்ன இருக்குன்னு ஒரு நாள் வந்து பாக்கறீங்களா?"

"வெள்ளிக்கிழமை வரேன். குழி தோண்ட ஆள் சொல்லி வைங்க" என்றாள் அவள்.

அந்தக் கம்பியை எடைக்குப் போடச் சொன்ன வாய் அது. பஞ்சு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கீழே போய் என் பழைய ரூமில் கொஞ்ச நேரம் நின்றேன்.