பத்து அவுன்ஸா, பதினொன்றா

வியாழக்கிழமை என்றால் கம்பவுண்டர் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்வார். போனில் பேசச் சட்டை எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகன் கடல் கடந்து இருக்கிறான். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, "சாப்ட்டியாப்பா? மாத்திரை போட்டியாப்பா?" என்று இரண்டே கேள்வியில் கடமையை முடித்துவிடுவான். மிச்ச நாளெல்லாம் இரண்டு அறையும் இவரும்தான். தனிமை மனிதரைப் பிடுங்கித் தின்றது.

வியாழனன்று கூப்பிடுவது அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். மகனோடு படித்தவள். அப்பாவின் எண்ணைக் கொடுத்ததும் அவன்தான். இருநூறு வருடத்துக்கு முந்தைய மருந்துக்கடை ஒன்றை அங்கே அப்படியே அமைக்கிறார்கள். ஜாடியில் இருப்பதைக் கிராமில் நிறுத்து, மேலே ஒட்டும் சீட்டில் அந்தக் காலத்து எடையை எழுத வேண்டும். கம்பவுண்டர் படித்தபோது இரண்டு கணக்கும் பாடத்தில் இருந்தன. பரீட்சை முடிந்த கையோடு மற்றவர்கள் பழையதைத் தலைமுழுகினார்கள், இவர் விடவில்லை.

"சார், ஏழே முக்கால் கிராம் எவ்வளவு வரும்?" என்பாள்.

ரெண்டு டிராம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்வாரா? இருபது கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், மூன்று ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், எட்டு டிராம் ஒரு அவுன்ஸ் என்று படிப்படியாக ஏறி, நடுவில் ஆஸ்பத்திரிக் கதை இரண்டைச் செருகி, அரை மணி நேரம் கழித்துத்தான் விடை வரும். கணக்கு மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தால் விஷயம் முதல் வாரமே முடிந்திருக்கும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். அனுப்பவில்லை.

எட்டாவது வாரம் அவள் முந்நூற்றுப் பதினோரு கிராம் என்றாள். பேச்சு சுவாரசியத்தில், "பதினோரு அவுன்ஸ்" என்று அடித்துவிட்டார்.

மறுநாள் மதியம் சமையலறையில்தான் உறைத்தது. சர்க்கரை வியாதிக்காரர் நிறுத்துச் சாப்பிட வேண்டும் என்று மகன் ஒரு தராசு அனுப்பியிருந்தான். அது காட்டும் அவுன்ஸ் இருபத்தெட்டுச் சொச்சம் கிராம். மருந்துக்கடை அவுன்ஸோ முப்பத்தொன்று. தினம் அந்தத் தராசின் முகத்தில் விழித்து விழித்து, கறிகாய் அவுன்ஸில் மருந்தை அளந்துவிட்டிருக்கிறார்!

தட்டைத் தள்ளி வைத்தார். சொன்னால் கிழவருக்குத் தடுமாறுகிறது என்று அவள் வேறு ஆளைத் தேடிக்கொள்வாள். வியாழக்கிழமையும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, கண்ணாடிக்குள் இருக்கும் பொடியை யார் தின்னப் போகிறார்கள்? ஆனாலும் முப்பத்துநான்கு வருடத்தில் ஆஸ்பத்திரியில் அவர் மருந்து கொடுத்த ஜன்னலைத் தாண்டித் தப்பான அளவு ஒன்றுகூடப் போனதில்லை. சனிக்கிழமை வரை மனதோடு மல்லுக்கட்டிவிட்டு, முதல் தடவையாக அவரே போன் போட்டார்.

"அம்மா, முந்தாநாள் பதினோரு அவுன்ஸ்னு சொன்னேன்ல? தப்பு. பத்துதான். சீட்டை மாத்திடுங்க."

"பரவால்ல சார், பத்துன்னுதான் எழுதியிருக்கேன்."

"நான் பதினொண்ணுன்னுதானே சொன்னேன்?"

"எங்கிட்ட அட்டவணை இருக்கு சார். முதல் வாரமே கிடைச்சிடுச்சு," என்றாள்.

"அப்புறம் எதுக்கும்மா வாரா வாரம் என்னைக் கேட்டீங்க?"

"உங்க பையன்தான்... அப்பா தனியா இருக்காரு, வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது சந்தேகம் கேளுன்னு சொன்னான். தப்பா எடுத்துக்காதீங்க சார்."

கம்பவுண்டரின் முகம் சுண்டிப்போனது. தன்னோடு பேசத் தன் பிள்ளையே ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறான்! அவனுக்கு வராத பேச்சை இவள் பேசியிருக்கிறாள். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் இவளைத் திட்ட அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தாளை எழுதாமல் எட்டு வாரம் இழுத்தடித்தவர்தானே அவரும். அவமானமாக இருந்தது. போனை வைக்கவும் மனம் வரவில்லை.

"சார்... வியாழக்கிழமை கூப்பிடட்டுமா?"

இனிமேல் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"பத்து மணிக்குள்ள கூப்பிடுங்க," என்றார். "அதுக்கப்புறம் எனக்கு வேற வேலை இருக்கு."

அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"சரி சார்," என்றாள்.