மேஸ்திரி இரண்டு முறை கட்டிய கோபுரம்

நேற்று கடத்தூர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அப்பா போயிட்டாருங்க" என்று அழுதாள் சின்னசாமி மேஸ்திரியின் மகள் வசந்தா. பையை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் புத்தர் கோயிலைக் கட்டியவர் அவர். அதற்கு முன் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ அம்மன் கோயில்களுக்குக் கோபுரம் எழுப்பியவர். கும்பாபிஷேகம் முடிந்துவிட்டால் அந்தக் கோயில்களுக்குள் எங்கள் சாதிக்காரர் போகக்கூடாது. கட்டியவரும்தான். "கட்டி முடிச்சப்புறம் உள்ள நின்னு பாக்கற மாதிரி ஒரே ஒரு கோயிலு. அவ்வளவுதாங்க எனக்கு" என்பார்.

நாங்கள் புத்த மதத்துக்கு மாறிய பிறகு, எங்களுக்கென்று கட்டும் கோயில் புத்தகயாவில் இருப்பதைப் போலவே அமைய வேண்டும் என்று முடிவானது. அவரும் நானும் ரயிலேறிப் போனோம். புத்தர் ஞானம் பெற்ற இடத்தில் நிற்கும் அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும், அடேயப்பா, கழுத்து வலிக்க அண்ணாந்தே நின்றேன்! நான்கு பக்கமும் அடியிலிருந்து உச்சிவரை நேராகச் சரிந்து ஏறுகின்றன. மேஸ்திரி மூன்று நாள் சோறு தண்ணி மறந்து அதையே சுற்றிச் சுற்றி வந்து நோட்டில் வரைந்தார்.

ஊரில் வேலை பாதிக்கு மேல் ஏறிய பிறகு ஒருநாள், எதிர் வயலில் நின்று நிமிர்ந்து பார்த்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "கை பழகுன கோயிலையே கட்டிப்புடுச்சுங்க."

உண்மைதான். நேராகச் சரிய வேண்டிய சுவர் நிலை நிலையாக ஏறி, அம்மன் கோயில் கோபுரமாக நின்றது. தினமும் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

இடிக்க வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஊரே செங்கல்லு சொமந்துச்சு. என்ன மனுசன் நீங்க? புத்தரு வந்து டேப்பு புடிச்சு அளக்கப் போறாரா?"

"அவரு அளக்க மாட்டாருங்க. ஆனா இதுவும் அம்மன் கோயிலாட்டமே இருந்தா, உள்ள நின்னாலும் வெளிய நிக்கற மாதிரியே இருக்குமுங்க எனக்கு."

முதல் செங்கல்லை நானே பெயர்த்தேன்.

மறுபடி கட்டும்போது அவர் தம் கையை நம்பவில்லை. நடுவே உயரமாகக் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து நான்கு மூலைக்கும் நூல் இழுத்துக் கட்டி, வரிசைக்கு வரிசை சரிபார்த்தார். சாரம் பிரித்த அன்று ஊரே திரண்டு வந்து பார்த்தது. இது நம் ஊர்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஊரில் சாவு விழுந்தால் அம்மன் கோயில்களில் நடையைச் சாத்துவது வழக்கம். எங்கள் கோயில் சாவி என்னிடம்தான் இருக்கும்; நேற்றுப் பழக்கதோஷத்தில் நானும் அதோடு ஓடினேன். கோயிலில் தங்கியிருக்கும் பிக்கு தடுத்தார். "தெறந்து வைங்க. அவர உள்ள கொண்டாங்க" என்றார்.

இரண்டு கதவையும் அகலத் திறந்தோம். அவரைத் தூக்கிவந்து கோபுரத்துக்கு நேர் கீழே, புத்தர் முன் கிடத்தினோம். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அவசரமில்லைங்க மேஸ்திரி. நல்லாப் பாத்துட்டே போங்க.