சோமன் வீட்டு இடது ஸ்பீக்கர்

ஆரியங்கோட்டில் சோமன் வீடு கட்டியபோது மாடியில் ஓர் அறையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். ஓமானில் ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் ஷெட்டில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் அவர். கல்யாணமான மறு வருஷமே போனவர். தலை நரைத்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அங்கே லீவு நாட்களில் கேம்பில் மற்றவர்கள் சீட்டு விளையாடுவார்கள். இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, பணக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே தியேட்டர் வைத்திருக்கும் வீடியோக்களைப் பார்ப்பார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, கனத்த சத்தத்துக்குத் தரையில் பெட்டி மாதிரி ஒரு சப்வூஃபர், சுவரை நிறைத்து ஒரு திரை. ஊருக்குப் போனால் இதைச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. குடிக்கமாட்டார், நிலம் வாங்கிப் போடுவதிலும் இஷ்டமில்லை.

அவர் மனைவி குமாரி பஞ்சாயத்தில் அங்கன்வாடி டீச்சர். மகள் ஜிஷா நெய்யாற்றின்கரையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். தியேட்டர் அறை வேண்டும் என்று சோமன் சொன்னபோது இரண்டு பேரும் மறுப்புச் சொல்லவில்லை. குமாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த அறையின் இடப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல், ரப்பர் தோட்டத்தைப் பார்த்து.

"சன்னலை மட்டும் ஒண்ணும் செய்யாதீங்க. நல்ல காத்து வருகது அது வழியாக்கும்."

"சன்னல் அங்கேயே கிடக்கட்டு. கட்டியா திரை போட்டா போரும்," என்றார் சோமன்.

சாமான்களை எல்லாம் பாறசாலை ஜங்ஷனில் ஸ்ரீஜித்தின் கடையில் வாங்கினார். ஸ்ரீஜித் இந்தப் பக்கத்தில் பாதி கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்தவன். இரண்டு ஆட்களோடு வந்து, வயர் இழுத்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

தொல்லை முதல் நாளே ஆரம்பித்தது. படத்தில் ஒரு லாரி போனால் சோபாவில் இருக்கும் சோமனுக்கு அந்த அதிர்வு வரவில்லை. கீழே அடுக்களையில் குமாரிக்கு வந்தது. அலமாரியில் தட்டுகள் கலகலவென்று ஆடின.

"கேட்டேளா! இங்க பாத்திரம் எல்லாம் தானா நடக்குது!"

"அது பேஸாக்கும்!"

"எதுவானாலும் கொஞ்சம் குறையுங்க! பால் தளும்புகு!"

மேலே அந்தக் கனத்த பேஸ் சத்தம் இல்லை, கீழே இருக்கிறது. சோமன் விடவில்லை. சப்வூஃபரைத் தூக்கி அந்த மூலையில் வைத்தார், இந்த மூலையில் வைத்தார். ஒரு மூலையில் காது அடைத்தது, இன்னொன்றில் சத்தமே செத்துப்போனது. கடைசியில் ஏதோ வீடியோவில் பார்த்தபடி, சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவின் மேல், தான் உட்காரும் இடத்திலேயே வைத்தார். ஒரு செண்டை மேளத்தைப் போட்டுவிட்டு, முட்டுக்குத்தி, சுவரோரமாகத் தவழ்ந்து தவழ்ந்து கேட்டுக்கொண்டே போனார். எங்கே சத்தம் திரட்சியாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கவேண்டும் என்பது கணக்கு. சாயா கொண்டுவந்த குமாரி, சோபாவில் ராஜா மாதிரி பெட்டி உட்கார்ந்திருப்பதையும் புருஷன் குழந்தை மாதிரி தரையில் தவழ்வதையும் வாசலில் நின்று பார்த்தாள். அங்கன்வாடியிலும் இதுதான், இங்கேயும் இதுதான் என்று சொல்லிவிட்டு சாயாவைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கதவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெட்டியை அங்கே நகர்த்தி வைத்ததும் மேளம் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. அடுக்களையில் தட்டுகள் அடங்கின. அன்றைக்கு சோமன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். ஷெட்டில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லக்கூடியவர் அவர். தன் காதின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை இன்னும் கூடிப்போயிற்று.

அந்த நம்பிக்கைதான் பிறகு எல்லாரையும் பாடாய்ப் படுத்தியது.

பேஸ் சரியானதும் அவருக்கு மற்றொன்று பிடிபட்டது. முன்னால் நடு ஸ்பீக்கருக்கு இரு பக்கமும் இருக்கும் இரண்டில் இடது பக்கத்தில் உள்ளது மங்கலாகப் பாடியது. பாட்டு எல்லாம் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. பாடுகிற பெண் திரையின் நடுவில் நிற்கிறாள், குரல் மட்டும் வலது சுவரோரத்திலிருந்து வருகிறது. சோமன் ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டார்.

ஸ்ரீஜித் வந்தான். எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ரிசீவரோடு வந்த சின்ன மைக்கைச் சோபாவில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இரைச்சலை விட்டுப் பார்த்தான்.

"சேட்டா, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் உண்டு. மீட்டரைப் பாருங்க."

"மீட்டரை நீ பாரு. நான் காதால கேக்கேன். இடது பக்கம் புதப்பை இழுத்து மூடிக்கிட்டு பாடுக மாதிரி இருக்கு."

"எனக்கு அப்படித் தோணல்ல சேட்டா."

"உனக்கு எப்படித் தோணும்? வித்தவன் நீயாக்கும்."

ஸ்ரீஜித்துக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றி இடம் மாற்றி வைத்தான். இடது பக்கம் அப்போதும் மங்கல்தான். ரிசீவரின் பின்னால் வயரை மாற்றிக் குத்தினான். அப்போதும் அப்படியே. பேங்கிலிருந்து வந்த ஜிஷாவைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்தார் சோமன்.

"நீ சொல்லு மக்கா. எந்தப் பக்கம் குறைவு?"

"ரெண்டும் சமம்தான் அப்பா."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"சமம்தான்னு சொன்னேன் இல்லியா? எனக்குப் பசிக்குது."

எல்லாரும் சேர்ந்து தன்னை மடையனாக்குகிறார்கள் என்று சோமனுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் இடது ஸ்பீக்கரை அட்டைப்பெட்டியில் போட்டு ஆட்டோவில் ஏற்றி, பாறசாலைக்கே போய், கடையில் ஆட்கள் நிற்கும்போது ஸ்ரீஜித்தைப் பார்த்து, கேடான சாமானைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சத்தம் போட்டார். ஸ்ரீஜித் புதிதாக இன்னொன்றை எடுத்துக் கொடுத்தான். "இனி என்னைக் கூப்பிடவேண்டாம் சேட்டா," என்று மட்டும் சொன்னான். புதியதும் போர்வைக்குள் இருந்தே பாடியது.

ஸ்பீக்கர் இல்லை, வயர் இல்லை, ரிசீவர் இல்லை. அப்படியானால் அறைதான். இடது சுவரில்தானே அந்த ஜன்னல்? சத்தம் கண்ணாடி வழியாக வெளியே ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுகிறது என்று முடிவு கட்டினார். திரைமேல் திரை போட்டார். பிளைவுட் வைத்து அடைத்தார். அதுவும் பற்றாமல், குமாரி அங்கன்வாடிக்குப் போயிருந்த ஒரு பகலில் கொத்தனாரை வரவழைத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்.

சாயங்காலம் வந்து பார்த்த குமாரி கையில் இருந்த பையைக்கூட கீழே வைக்கவில்லை.

"நான் ஒரே ஒரு காரியம்தானே கேட்டேன்?"

சோமன் ரிசீவரின் முன்னால் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. குமாரி அவர் இடப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். அதற்குப்பிறகு அவள் மாடிக்கு வருவதே இல்லை.

ஜன்னலை அடைத்தும் பிரயோஜனம் இல்லை. சோமனுக்குத் தூக்கம் கெட்டது, சாப்பாடு ருசிக்கவில்லை. படம் பார்ப்பதே நின்றுபோனது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பதுதான் வேலை. இத்தனை காலம் மணலில் கிடந்தது இதற்கா என்று நினைக்கும்போது ரிசீவரைத் தூக்கித் தோட்டத்தில் எறியலாம் என்று வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சோபாவுக்குப் பின்னால் இருந்த சின்ன ஸ்பீக்கரின் வயர் லூசாகி விட்டது. பாட்டை நிறுத்தாமலே சோமன் சோபாவில் மண்டியிட்டு, பின்சுவரைப் பார்த்துத் திரும்பி, வயரை முறுக்கினார். முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பாட்டு இடம் மாறியிருந்தது. இத்தனை மாதமாக வலது சுவரோரம் பாடிய பெண், இப்போது இடது சுவரோரம் நின்று பாடினாள்.

சோமன் முன்பக்கம் திரும்பினார். குரல் வலது சுவருக்குப் போனது. பின்பக்கம் திரும்பினார். இடது சுவருக்கு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய இடது காதுக்கு நேராக எது இருக்கிறதோ அதுதான் மங்கல். விரலால் வலது காதை அடைத்துப் பார்த்தார். மேளம் கேட்டது. பாடுகிறவளின் குரலில் வார்த்தையே இல்லை, வெறும் முனகல்.

பாட்டை நிறுத்திவிட்டு, கீழே போய், காது டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று குமாரியிடம் சொன்னார்.

நெய்யாற்றின்கரையில் காது டாக்டர் ஸ்ரீகலா. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்த பிறகு, வேலை பார்க்கும்போது எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். மீட்டர் பேனலைப் பார்த்து நின்றால் எஞ்சின் இடது பக்கம் என்றார் சோமன்.

"காதுல மூடி ஏதாவது போட்டிருந்தீங்களா?"

"தருவாங்க டாக்டர். அதை வச்சா எஞ்சின் சத்தம் சரியாத் தெரியாது. நான் போடமாட்டேன்."

"கனத்த சத்தம் எல்லாம் நல்லாக் கேக்கும் உங்களுக்கு. மேளம், எஞ்சின், ஆம்பிளைக் குரல் எல்லாம். கூர்மையான சத்தம்தான் இடது காதுல போயிருக்கு. பெண்கள், குழந்தைகள் பேசுறது குறையும். போனது திரும்ப வராது. மெஷின் வச்சுப் பாக்கலாம்."

கூட வந்த குமாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"நான் சோறு வைக்கும்போது உங்களுக்கு எந்தப் பக்கம் இருப்பேன்?"

சோமன் யோசித்தார். "இடது பக்கம்."

"ரோட்டில நடந்தா?"

சோமனின் கை இடது காதுக்குப் போனது.

"நீங்க வந்த நாள் முதல் நான் எவர்கிட்டயாக்கும் பேசிக்கிட்டிருந்தேன்?" குமாரியின் குரல் உடைந்தது. "கேட்டா பதில் இல்ல. சரி, வெளிநாட்டில கிடந்த மனுசன், நம்ம பேச்சு பிடிக்கல்லன்னு நெனச்சேன். என்னையே பிடிக்கல்லன்னு நெனச்சேன். சன்னலை அடச்ச அன்னைக்குக் கேட்டேனே, அதுவும் கேக்கல்லியா?"

"என்ன கேட்ட?"

குமாரி உள்ளே போய்விட்டாள். அழுதாளா, கோபமா என்று சோமனுக்குத் தெரியவில்லை. கதவு சாத்தும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

மறுநாள் அவர் ஸ்ரீஜித்தின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, தப்பு தன்பேரில்தான் என்றார். ஸ்ரீஜித் பெரிய மனசு பண்ணிக் கையைப் பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்துப் போயிருப்பார் போலிருக்கிறது. அவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. "அன்னைக்கு ஆளுங்க முன்னால சொன்னீங்க. இன்னைக்கு ஆளு இல்லாத நேரம் பாத்து வந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வேறொருவனுக்கு மைக் எடுத்துக் காட்டப் போனான். அது நியாயம்தான் என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சோமனுக்குப் பட்டது. பட்டதே தவிர ஆறுதலாக இல்லை.

காதில் வைக்கும் மெஷின் வந்தது. அதை வைத்தால் அங்கன்வாடிப் பிள்ளைகள் தகரத்தைச் சுரண்டுவது மாதிரி உலகம் முழுக்கச் சத்தம் போட்டது. பிளாஸ்டிக் கவரைத் தொட்டால் வெடி. பழகும்வரை பொறுக்கவேண்டும் என்றார் டாக்டர். சோமனுக்குப் பொறுமை வரவில்லை. ஒரு நாள் வைப்பார், இரண்டு நாள் பெட்டிக்குள் போட்டுவிடுவார். தியேட்டர் அறையில் இடது ஸ்பீக்கரை மட்டும் கூட்டி வைத்துப் பார்த்தார். அவருக்குப் பாட்டு நடுவில் வந்தது. பக்கத்தில் இருந்த ஜிஷா காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, இது படமா, கோயில் மைக்கா?" சோமன் பழையபடி குறைத்து வைத்தார். ஜன்னலைத் திறந்து தரச்சொல்லிக் கொத்தனாரைக் கேட்டால், மழை முடியட்டும் என்கிறார். மழை முடிகிறபாடில்லை. குமாரி இப்போது சோறு வைக்க வலது பக்கமாகச் சுற்றி வருகிறாள். ஆனால் வேண்டியதை மட்டும்தான் பேசுகிறாள். முன்பு பேசியதை எல்லாம் திருப்பிச் சொல்லச்சொன்னால், எனக்கு மறந்துபோச்சு என்கிறாள்.

ஒரு நாள் சாயங்காலம் சோமன் ஓமானுக்கு ஃபோன் செய்தார். நேசமணி என்று ஒருவர், அருமனைக்காரர், ஷெட்டில் சோமன் நின்ற இடத்தில் இப்போது நிற்பவர். பின்னால் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

"நேசமணி, காதுல மூடி போட்டிருக்கியா?"

"என்னது?"

"காதுல, காதுல! மூடி! அதைப் போடாம ஷெட்டுக்குள்ள நிக்காத!"

"ஒண்ணும் கேக்கல்ல அண்ணே, லைன் சரியில்ல! சத்தமாச் சொல்லுங்க!"

சோமன் சத்தமாகச் சொன்னார். இன்னும் சத்தமாகச் சொன்னார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியதில் அடுக்களையிலிருந்து குமாரி எட்டிப் பார்த்தாள். நேசமணி, வீட்டில் எல்லாரும் சுகம்தானே, நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். சோமன் ஃபோனைத் துடைத்துவிட்டு, சொல்ல வந்ததை எல்லாம் மெசேஜில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினார். ரொம்ப நேரம் கழித்துக் கட்டைவிரல் ஒன்றை உயர்த்திக் காட்டும் படம் மட்டும் பதிலாக வந்தது. போட்டுக்கொண்டானா, இல்லை படிக்காமலே விரலைக் காட்டினானா என்று கேட்டு அவர் மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.