வாளி வைத்த இடம்

ஆர்லிஸ் அந்தப் பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசில் பாதியைக் கழித்தவள். கூரை ஒழுகினால் வாளி வைப்பதும், நிரம்பினால் கொட்டுவதும் அவள் பாடுதான். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட வரியைக் கூட்டலாமா என்று ஊரே ஓட்டுப் போட இருந்தது. ஆனால் அதற்குச் சம்மதம் கேட்டு ஊரைச் சுற்றியவள் அவள் ஓரகத்தி மோரீன். தீயணைப்பு நிலையத்தில் நடந்த பான்கேக் விருந்தில் மோரீன் அந்த வாளிக் கதையைத் தன் கதைபோலச் சொல்ல, ஊரே கைதட்டியது. ஆர்லிஸுக்கு வயிறு எரிந்தது.

"தண்ணி கொட்டினது நான், கைதட்டல் அவளுக்கா? சம்மதமில்லைன்னுதான் ஓட்டுப் போடுவேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

ஓட்டு நாளன்று நல்ல மழை. ஓட்டுச்சாவடியும் அதே பள்ளிக்கூடம்தான். பிரசாரக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்பதால், மோரீன் அட்டையைப் பிடித்தபடி சாலையோரம் நனைந்துகொண்டிருந்தாள். அதைப் பார்க்க ஆர்லிஸுக்குக் குளுகுளுவென்றிருந்தது.

உள்ளே, வரிசையில் நின்றவர்கள் தலையில் கூரை சொட்டியது. பழக்க தோஷம், ஆர்லிஸ் ஓடிப்போய் வாளி கொண்டுவந்து வைத்தாள். டொக், டொக் என்று சத்தம் கேட்டது. வரிசை முழுக்க அண்ணாந்து பார்த்தது.

"ஆர்லிஸக்கா, உள்ள பிரசாரம் பண்ணக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் தேர்தல் அலுவலர் வெண்டல். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

அவள் ஓட்டுச் சீட்டில் 'சம்மதம்' என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தை அழுத்திக் கறுப்பாக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"உள்ள என்னக்கா கைதட்டல்? யாருக்கு?" என்று கேட்டாள் மோரீன். முகம் சுருங்கியிருந்தது.

"எனக்குத்தான்டி. நீ நனையாம வீட்டுக்குப் போ."